‘ஓம்’ சொன்ன வீடெல்லாம் வாக்கு இல்லை: ஸ்காபரோவில் கதவு தட்டப் போகிறவர்களுக்கு

2018 யூன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல். டக் ஃபோர்ட் தலைமையில் முற்போக்குக் கொன்சவேட்டிவ் கட்சிக்கு நான் முதன்முதலாகக் கதவு தட்டிய தேர்தல் அது. ஒரு தொகுதியை நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வாக்களிப்புப் பிரிவுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒரு பிரிவை என் கையில் தந்தார்கள். மூன்று வாரம் நடந்து, 61 பேர் எங்களுக்குத்தான் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். தேர்தல் முடிந்து பிரிவுவாரி முடிவு வெளியானபோது அந்தப் பிரிவில் எங்கள் வேட்பாளருக்கு விழுந்திருந்தது 38. அதுவும் நான் போகாத வீடுகளின் வாக்கையும் சேர்த்து.

அந்த 61 பேரும் என்னை ஏமாற்றவில்லை. பாதிப் பேர் தமிழர், நானும் தமிழ். வாசலில் வந்து நிற்கிற பிள்ளையிடம் ‘இல்லை’ என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வராது. ‘ஓம் பிள்ளை, போடுவம்’ என்றார்கள். நான் அதை வாக்கு என்று எழுதினேன்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கட்சியில் பதவி ஒன்றும் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த தேர்தல் ஒன்றையும் விடவில்லை, மாகாணம் என்றாலும் நாடு முழுவதற்குமான கூட்டாட்சி என்றாலும். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளை ‘அக்காவோடு விடுங்கோ’ என்று என்னிடம் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் அதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதால் எழுதி வைக்கிறேன். எங்களை எதிர்த்து நிற்கிற லிபரல் கட்சிக்காரர் படித்தாலும் பயன்படும். படிக்கட்டும், பரவாயில்லை.

வாதாடப் போகவில்லை

முதலில் இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் வேலை மனம் மாற்றுவது அல்ல. எங்கள் பக்கம் இருப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது, அதை உண்மையாகக் குறிப்பது, வாக்களிப்பு நாளில் அவரை வீட்டை விட்டுக் கிளப்புவது. இவ்வளவுதான்.

2022 மாகாணத் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 44 சதவீதம். 2025 இல் 45ஐச் சற்றுத் தாண்டியது. அரைவாசிக்கு மேற்பட்டோர் வீட்டில் இருந்துவிட்டார்கள். அவர்களுக்குள் எங்களுக்குப் போடக்கூடியவர்களும் ஏராளம். அவர்களை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் லிபரலுக்குப் போட்ட ஒரு ஐயாவோடு நாற்பது நிமிடம் வரியைப் பற்றி வாதாடினால், ஐயா மாறமாட்டார், நீங்கள் பத்து வீட்டைத் தவறவிட்டிருப்பீர்கள். புதிதாக வருகிற ஆண்பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டம். வாதத்தில் வெல்ல வேண்டும் அவர்களுக்கு.

ஒரு வாக்கில் என்ன வரும் என்று நினைக்கிறவர்களுக்கு 2025 ஏப்ரல் கூட்டாட்சித் தேர்தலைச் சொல்வேன். வின்சர் பக்கத்தில் ஒரு தொகுதியை மறு எண்ணிக்கைக்குப் பிறகு எங்கள் கூட்டாட்சிக் கொன்சவேட்டிவ் கட்சி 4 வாக்கில் வென்றது. நியூஃபவுண்ட்லாந்தில் ஒன்றை 12 வாக்கில். இங்கே ஸ்காபரோ ரூஜ் பார்க் தொகுதியில் எங்கள் மாகாண வேட்பாளர் விஜய் தணிகாசலம் 2018 இல் முதல் தடவை வென்றபோதும் வித்தியாசம் ஆயிரத்துக்குக் குறைவு. பிரிவு வாரியாகப் பிரித்துப் பாருங்கள், ஒரு பிரிவுக்குப் பத்து வாக்குக்கூட வராது. ஒரு தெருவில் நான்கு வீடு.

‘ஓம்’ எத்தனை வகை

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறி போட வேண்டும்: எங்களுக்கு, எங்கள் பக்கம் சாய்வு, முடிவில்லை, எதிர், வீட்டில் இல்லை. பெயரும் எண்ணும் ஒவ்வொரு தேர்தலிலும் மாறும், சாரம் இதுதான். இந்தக் குறி பொய்த்தால் மற்ற எல்லாம் பொய்க்கும். ஏனென்றால் வாக்களிப்பு நாளில் நாங்கள் தொலைபேசி எடுத்து, கார் அனுப்பிக் கூட்டிப் போவது இந்தக் குறியை நம்பித்தான். 2018 இல் நான் ‘எங்களுக்கு’ என்று குறித்த 61 பேரையும் அன்று பின்னேரம் விழுந்து விழுந்து வாக்களிக்க அனுப்பினோம். அதில் எத்தனை பேர் போய் லிபரலுக்கும் என்.டி.பி. என்கிற புதிய ஜனநாயகக் கட்சிக்கும் போட்டார்களோ! எதிர்க்கட்சிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறேன்.

ஆகவே ‘எங்களுக்கு ஆதரவு தருவீங்களோ?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குத் தமிழ் வீட்டில் ‘ஓம்’ ஒன்றுதான் பதில். நான் இப்படிக் கேட்கிறேன்:

‘அக்கா, இந்த முறை லிபரலும் நிக்கினம், என்.டி.பி.யும் நிக்கினம், நாங்களும் நிக்கிறம். நீங்கள் எந்தப் பக்கம் யோசிச்சு வைச்சிருக்கிறீங்கள்?’

எல்லாக் கட்சியையும் நீங்களே சொல்லிவிட்டால், அந்தப் பெயரைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம் போய்விடும். ‘உண்மையாச் சொன்னால் நாங்கள் எப்பவும் லிபரல்தான் பிள்ளை’ என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள். நன்றி சொல்லி, எதிர் என்று குறித்து, அடுத்த வீட்டுக்குப் போங்கள். அந்த நேர்மையான ‘இல்லை’ உங்களுக்கு அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

‘ஓம்’ என்றால் உடனே குறிக்காதீர்கள். அந்த ‘ஓம்’ ஏதாவது விலை கொடுக்குமா என்று பாருங்கள். ‘முற்றத்தில ஒரு சைன் நடலாமோ?’ என்று கேளுங்கள், வேட்பாளரின் பெயர்ப் பலகையைத்தான் சைன் என்கிறோம். சரி என்றால் அது வாக்கு. ‘அவரிட்டைக் கேக்கோணும்’ என்றால் சாய்வு. ‘ஐயோ, அயலட்டைச் சனம் பார்க்கும்’ என்றால் பல நேரம் அதுவும் எங்கள் ஆள்தான், வெளியில் காட்டப் பயம். அவரிடம் தொலைபேசி எண் கேளுங்கள். எண்ணும் தராமல் ‘ஓம்’ மட்டும் தருகிறவர் முடிவில்லை.

மற்றபடி என் அனுபவத்தில்: ‘பாப்பம்’ என்றால் பெரும்பாலும் இல்லை. ‘உங்களுக்குத் தெரியும்தானே’ என்றால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, மறுபடி கேளுங்கள். ‘ஆர் வந்தாலும் ஒண்டுதான்’ என்றால் அவர் வாக்களிக்கவே போகப்போவதில்லை. ‘உங்கட ஆக்களுக்குத்தான்’ என்றால் கவனம், உங்கள் ஆட்கள் யார் என்று அவர் நினைக்கிறார் என்று கேளுங்கள். ஒரு அம்மா இப்படிச் சொன்னதை எங்களுக்கு என்று குறித்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் அவர் மகள் சிரித்தபடி சொன்னாள், ‘அன்ரி, அம்மா தமிழ் ஆக்களைச் சொல்லுறா. லிபரலிலயும் தமிழ் ஆள்தானே நிக்கிறார்.’

தேத்தண்ணியும் வாக்கு அல்ல. உள்ளே போனால் இருபத்தைந்து நிமிடம், அதோடு ரோல்ஸ் வரும். மறுத்தால் மனம் நோகும். ‘தேர்தல் முடிஞ்சு வந்து குடிக்கிறன் அக்கா’ என்று சொல்லுங்கள். சொன்னால் போகவும் வேண்டும். நான் போயிருக்கிறேன்.

என் கணவருக்கும் பட்டியலில் குறி உண்டு. கேட்டேன். ‘பாப்பம்’ என்றார். முடிவில்லை என்று குறித்திருக்கிறேன்.

பக்கவாட்டுக் கதவு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு வீட்டு இலக்கம் என்றால் ஒரு குடும்பம் என்று நினைக்க வேண்டாம். மேலே வீட்டுக்காரர், பின்னறையில் அப்பா அம்மா, கீழே பேஸ்மென்ற்றில் வாடகைக்கு ஒரு குடும்பம். முன்கதவைத் தட்டினால் மேல்வீட்டுக்காரர் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார்: ‘இஞ்ச எல்லாரும் உங்களுக்குத்தான்.’ அதை எழுதாதீர்கள். பட்டியலைப் பாருங்கள், அந்த இலக்கத்தில் வேறு குடும்பப் பெயர் இருந்தால் கீழே ஆள் இருக்கிறது. பக்கவாட்டுப் பாதையில் போய், குப்பைப் பெட்டிகளைத் தாண்டி, அந்தக் கதவையும் தட்டுங்கள். ஆனால் மேல்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்தக் கதவைப் பெரும்பாலும் யாரும் தட்டியிருக்கமாட்டார்கள். ஒரு தம்பி கதவைத் திறந்து, ‘இஞ்ச ஆரும் வாறேல்லை அக்கா’ என்றான். குடியுரிமை எடுத்து ஐந்து வருடம், ஒருமுறையும் வாக்களித்ததில்லை. கார் காப்புறுதி, வாடகை, இரவு வேலை என்று பதினைந்து நிமிடம் கதைத்தான், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வாக்காளர் பட்டியலில் அவன் பெயரும் இல்லை, பதிந்துவிட்டேன். அன்று நடந்த இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே புது வாக்கு அது.

நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்கள் வாக்களிக்க முடியாது. அவர்களையும் விட்டுவிடாதீர்கள். கூட்டாட்சிக் கொன்சவேட்டிவ் கட்சியில் 14 வயதுக்கு மேற்பட்ட நிரந்தரவாசிகள் உறுப்பினராகலாம், வேட்பாளரைத் தெரிவுசெய்யும் உட்கட்சி வாக்கெடுப்பில் பங்கெடுக்கலாம். பல தொகுதிகளில் உண்மையான போட்டி அங்கேதான் நடக்கும்.

மாடிக் கட்டடங்களில் காவலாளி மறித்தால் சண்டை வேண்டாம். தேர்தல் காலத்தில் வேட்பாளரையும் அவர் பிரதிநிதியையும் கட்டட நிர்வாகம் மறிக்கக்கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமும் இருக்கிறது, மாகாணச் சட்டமும் இருக்கிறது. வேட்பாளரின் கடிதத்தையும் சட்டப் பிரிவின் பிரதியையும் கையில் வைத்திருங்கள். மேல் மாடியில் தொடங்கிப் படியால் இறங்கி வாருங்கள். முழங்கால் நன்றி சொல்லும்.

கேட்கும் கேள்விகள்

கொன்சவேட்டிவ் என்றதும் தமிழ் வீடுகளில் இரண்டு கப்பல் வரும். ஒன்று 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழர். அவர்களைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டது பிரையன் மல்ரோனியின் கொன்சவேட்டிவ் அரசு. வயதானவர்கள் இதைத் தாங்களாகவே சொல்வார்கள். மற்றது 2010 இல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த சன் சீ கப்பல். அப்போது ஸ்டீபன் ஹார்ப்பரின் கொன்சவேட்டிவ் அரசு அவர்களைத் தடுத்து வைத்தது. ஒரு வீட்டில் கதவைத் திறந்தவரின் தம்பி அந்தக் கப்பலில் வந்தவர். நான் கையில் வைத்திருந்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அங்கே என்ன சொல்வது? 2013 இல் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு ஹார்ப்பர் போகாமல் விட்டதைச் சொல்லலாம். விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் 2021 இல் ஒன்ராறியோவில் நிறைவேறியதைச் சொல்லலாம். நான் இரண்டையும் சொல்லவில்லை. ‘உங்களுக்குக் கோபம் இருக்கிறது நியாயம் அண்ணை’ என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். காயத்துக்குப் பட்டியல் வாசிக்கக்கூடாது.

மற்ற வீடுகளில் கதை வேறு. கார் களவு, வரி, வீட்டு விலை, பிள்ளைகளின் பாடத்திட்டம், கடைக்காரர் என்றால் மின்சாரக் கட்டணம். 2022 இல் காரின் இலக்கத்தகடு ஒட்டிக்கான கட்டணத்தை ஃபோர்ட் அரசு எடுத்தது பலருக்கு நினைவிருக்கிறது, கையில் காசு திரும்பி வந்ததால். நீங்கள் முப்பது வினாடிதான் பேச வேண்டும்: பெயர், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், யாருக்காக வந்தீர்கள், ஒரே ஒரு விஷயம். பிறகு அவர் பேசட்டும்.

அலுவலகம் தரும் சுலோகத்தையும் கிளிப்பிள்ளை போலச் சொல்லாதீர்கள். 2025 இல் எங்களிடம் எரிபொருளுக்கான காபன் வரியை ஒழிப்போம் என்ற சுலோகம்தான் கைநிறைய இருந்தது. மார்க் கார்னி பிரதமராகி, ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து நுகர்வோர் காபன் வரியைப் பூச்சியமாக்கிவிட்டார். வாசலில் சனம் கேட்டதெல்லாம் அமெரிக்காவின் ட்ரம்ப்பையும் அவர் கனடாப் பொருட்களுக்குப் போட்ட இறக்குமதி வரியையும் பற்றி. நாங்கள் பழைய பிரசுரத்தை நீட்டிக்கொண்டு நின்றோம். வாசலில் கேட்பதை அன்றிரவே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தொலைபேசியில் செய்துவிடலாமே என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 1998 இல் யேல் பல்கலைக்கழகத்தின் அலன் கேர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் நியூ ஹேவன் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நேரில் போய்ச் சந்தித்த வீடுகளில் வாக்களிப்புக் கூடியது, தொலைபேசி அழைப்புகளால் கூடவில்லை. குளிரில் வெளியே போக மனம் வராத நாளில் நான் இதை நினைத்துக்கொள்வேன்.

குளிர்

2025 மாகாணத் தேர்தல் பெப்ரவரி 27. ஜனவரி 28 அன்று அறிவித்தார்கள். நடுவில் ரொறன்ரோவில் சில நாட்களுக்குள் பனி மலையாகக் கொட்டியது. அந்த மாதத்தில் கற்றது: பேனா உறைந்து எழுதாது, பென்சில் கொண்டு போங்கள். கைத்தொலைபேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள், வெளியே வைத்தால் மின்கலம் பத்து நிமிடத்தில் செத்துவிடும். ஒரு விரல் திறந்த கையுறை. பூட்ஸுக்கு இழுத்து மாட்டும் ஆணிப் பட்டை, டொலர் கடைச் சாமான் வேண்டாம், பிய்ந்துவிடும். பின்னேரம் ஆறு மணிக்கே இருட்டு. தலைமறைப்பைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டு மணியை அடியுங்கள், மணி அடித்ததும் இரண்டு அடி பின்னால் போய் வெளிச்சத்தில் நில்லுங்கள். வாசல் கமராவில் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள்.

பனி அள்ளாத படியில் ஏறாதீர்கள். நான் ஏறினேன். இரண்டு வாரம் இடுப்பில் சுடுதண்ணிப் போத்தல்.

வாக்காளர் பட்டியலை வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது தேர்தல் வேலைக்கு மட்டும் தரப்படுவது, வேறெதற்கும் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். சீட்டுப் பிடிக்கிறவர்கள், காப்புறுதி விற்கிறவர்கள், கவனம்.

வாக்களிப்பு நாள்

உண்மையில் அது ஒரு நாள் இல்லை. முன்கூட்டிய வாக்களிப்பு நாட்களிலேயே பாதி வேலையை முடிக்கப் பாருங்கள். 2025 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறையோடு வந்த நான்கு நாளில் நாடு முழுவதும் 73 இலட்சம் பேர் போட்டுவிட்டார்கள். முன்கூட்டியே போட்டவரைப் பட்டியலிலிருந்து வெட்டினால், கடைசி நாளில் உங்கள் கால் போகவேண்டிய வீடு குறையும்.

கடைசி வாரம் ஆதரவாளர் வீட்டுக்கு இரண்டாம் தடவை போகும்போது ‘மறக்காமல் போடுங்கோ’ என்பது பிரயோசனமில்லாத பேச்சு. ‘எத்தனை மணிக்குப் போறீங்கள்? ஆரோடை? எந்தப் பள்ளிக்கூடம் எண்டு தெரியுமோ?’ என்று கேளுங்கள். ‘வேலை முடிஞ்சு வந்து, இவரையும் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கு’ என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் பெரும்பாலும் போவார். அடையாளமும் சொல்லுங்கள்: தபாலில் வரும் வாக்காளர் அட்டை மட்டும் போதாது. பெயரும் இப்போதைய முகவரியும் உள்ள ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இருந்தால் பிரச்சினை இல்லை. வீடு மாறி முகவரி மாற்றாதவர்கள்தான் வரிசையில் நின்று திரும்பி வருகிறார்கள்.

தொழிற்சாலை வேலைக்காரருக்கு: மாகாணத் தேர்தலில் வாக்களிப்பு காலை 9 முதல் இரவு 9 வரை. அதற்குள் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் ஓய்வு இல்லாவிட்டால் முதலாளி அந்த நேரத்தைத் தர வேண்டும். காலை 11 முதல் இரவு 7 வரை வேலை என்றால் உங்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. காலை 7 முதல் 3 வரை என்றால் பின்னேரம் சும்மாதானே, கேட்க முடியாது.

வாக்களிப்பு நிலையத்தில் எங்கள் கண்காணிப்பாளர் இருப்பார். கூட்டாட்சித் தேர்தலில் யார் யார் வந்து போட்டார்கள் என்ற வரிசை எண் தாள் மணிக்கு மணி வெளியே வரும், பிங்கோ ஷீட் என்போம். ஒருவர் அதை ஓடிப் போய் எடுத்து வர, அலுவலகத்தில் வெட்டிக்கொண்டே போக, மிச்சப் பெயருக்கு நாங்கள் கதவு தட்ட வேண்டும். காரில் ஏற்றிப் போகலாம். வாக்குப் போட்டால் கொத்துரொட்டி என்று எதுவும் கொடுக்கக்கூடாது, பகிடிக்கும் சொல்லாதீர்கள். நிலையத்துக்குள் போகும்போது கட்சிச் சட்டை, சின்னம் எல்லாம் கழற்றி வையுங்கள்.

ஒரு வாக்களிப்பு நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு வீட்டில் அக்காவிடம் கேட்டேன், ‘அண்ணை போட்டாரோ?’

‘ஓம், அவர் போட்டார்.’

வெட்டினேன். எட்டு மணி வரை வந்த தாள் எதிலும் அவர் எண் இல்லை. ஓடிப் போய்க் கேட்டால், அக்கா சொன்னது அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘போட்டார்’ என்றால் போனார் என்றும்தானே அர்த்தம். அண்ணை பிரம்டன் பக்கம் இரவு வேலையில் நின்றார். இப்போது ‘வாக்கைப் பெட்டிக்குள்ள போட்டிட்டாரோ?’ என்று முழுதாகக் கேட்கிறேன்.

வாக்களிப்பு முடிந்த பிறகு எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள். நீங்கள் பட்டியலைத் திருப்பி ஒப்படையுங்கள், வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பிறகு சைன். ரொறன்ரோவில் 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பெப்ரவரியில் நட்டது பனிக்கட்டிக்குள் இறுகிவிடும், இழுத்தால் மரக்கட்டை முறியும். கேத்திலில் சுடுதண்ணி கொண்டு போய் அடியில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, ஆட்டி ஆட்டி எடுங்கள். கம்பிக் கால் வளையாமல் வந்தால் துடைத்துக் கட்டி வையுங்கள், அடுத்த தேர்தலுக்கு அதுவே ஆகும்.